ஒரே பானையில் இரண்டு கிழங்கு

சீனிக்கிழங்கு இரண்டு, ஏறத்தாழ அதே கனத்தில் வள்ளிக்கிழங்குத் துண்டு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, கொஞ்சம் கல்லுப்பு சேர்த்து வேக வையுங்கள். ஆறியதும் தின்று பாருங்கள். சீனிக்கிழங்கு தித்திக்கும். வள்ளிக்கிழங்கு மாவாக, இனிப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் சாதுவாக இருக்கும். தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய்த் துவையல் இருந்தால் தேவலை என்று தோன்றும். தண்ணீர் ஒன்று, உப்பு ஒன்று, தீ ஒன்று. அப்படியானால் ஒன்றுக்கு மட்டும் இனிப்பு எங்கிருந்து வந்தது?

"பேரிலேயே சீனி இருக்கு, இனிக்காம என்ன செய்யும்?" என்று உங்கள் ஆச்சி கேட்கலாம். ஆச்சி சொல்வதில் பாதி சரி. ஆனால் பச்சைச் சீனிக்கிழங்கில் ஒரு துண்டைக் கழுவிக் கடித்துப் பாருங்கள். லேசாகத்தான் இனிக்கும். வெந்த பிறகு நாக்கில் தெரிகிற இனிப்பில் பெரும்பங்கு, பானைக்குள் போகும்போது அந்தக் கிழங்கில் இல்லவே இல்லை. அடுப்பில் இருந்த நேரத்தில்தான் அது உண்டானது. யாரும் சீனி போடவில்லை. கிழங்கு தானே செய்துகொண்டது.

எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், இரண்டையும் பச்சையாகக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்துவிடுவோம். இவை இரண்டும் சொந்தக்காரர்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், தென்காசி, திருநெல்வேலி என்று நம் பக்கத்தில் எங்கே போனாலும் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்குலையும் மட்டும் போதாது. கிழங்குகளும் வேண்டும். தை பிறக்கிற வாரத்தில் கடைத்தெருவில் சாக்கை விரித்துக் குவித்திருப்பார்கள். சிறுகிழங்கு, சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, பிடிகிழங்கு, சீனிக்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. எல்லாவற்றிலும் மண் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் நாம் கிழங்கு என்றே சொல்கிறோம். மண்ணுக்கடியில் உணவைச் சேர்த்து வைத்திருக்கும் எதுவும் சமையல்காரருக்குக் கிழங்குதான். அது தப்பில்லை. ஆனால் தாவரவியல் படித்தவர் அந்தச் சாக்கின் முன்னால் உட்கார்ந்தால், ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனியாக வைத்துவிடுவார்.

சீனிக்கிழங்கு ஒரு வேர். கொடியின் கணுவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய வேர்களில் சில பருத்துப்போய்க் கிழங்காகின்றன. உருளைக்கிழங்கில் இருக்கிற 'கண்' இதில் கிடையாது. தோலில் ஆங்காங்கே மெல்லிய வேர் முடிகளும் அவை இருந்த தழும்புகளும்தான் தெரியும். குறுக்கே வெட்டினால் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தப் பால் கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்ததும் கறுத்துப்போகும்.

வள்ளிக்கிழங்கு அப்படியில்லை. தண்டின் அடியும் வேரும் சந்திக்கிற இடத்தில் வீங்கி, மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குவது அது. வெட்டினால் பால் வராது. வழுவழுவென்று ஒரு கொழகொழப்பு வரும். தோல் மரப்பட்டை நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். சிலருக்கு இதை நறுக்கும்போது கை அரிக்கும். சீனிக்கிழங்கு நறுக்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

இலையையும் பூவையும் பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகிவிடும். சீனிக்கிழங்கு எப்போதாவதுதான் பூக்கும். பூத்தால் வெளிர் ஊதா நிறத்தில் புனல் வடிவப் பூ. அதே மாதிரிப் பூவை நீங்கள் வேறு இடத்தில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குளத்துக்கரையிலும் ஓடையிலும் காடாக மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கின் பூ அது. அந்தச் செடி நஞ்சு. ஆடு மாடு தின்றால் நோயில் விழும். ஆனால் அதுவும் சீனிக்கிழங்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஐப்போமியா என்று அதற்குப் பெயர். கீரைக்காரர் கொண்டுவரும் வள்ளைக்கீரையும், திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கிற அடப்பங்கொடியும் இதே ஐப்போமியாதான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கத்தரி, மிளகாய், தக்காளிக் குடும்பமும் இதற்கு நெருங்கிய உறவு.

வள்ளியின் பேரினம் டயோஸ்கோரியா. இலை ஏறத்தாழ வெற்றிலையின் வடிவம். பூ கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ இன்னொரு கொடியிலுமாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி, வள்ளி ஒரு விதையிலைத் தாவரம். நெல், வாழை, தென்னை, பனை எல்லாம் அந்தப் பெரும்பிரிவில்தான் வருகின்றன. சீனிக்கிழங்கோ இரு விதையிலைத் தாவரம். ஆகவே சொந்தம் பார்த்தால் வள்ளிக்கிழங்குக்குச் சீனிக்கிழங்கைவிட வயலில் நிற்கிற நெல்லும் வரப்பில் நிற்கிற பனையும் கிட்டத்து உறவு.

மற்றவர்களையும் சட்டென்று அறிமுகப்படுத்திவிடுகிறேன். சிறுகிழங்கு, துளசி, ஓமவல்லி குடும்பத்துப் பிள்ளை. சேனையும் சேம்பும் ஒரே குடும்பம். அவற்றின் கிழங்கு பருத்த தண்டு. பனங்கிழங்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை. பனங்கொட்டை முளைத்து மண்ணுக்குள் இறக்கிய முதல் முளை அது. உரித்து நடுவில் பிளந்தால் உள்ளே இருக்கும் இளங்குருத்துதான் பின்னால் வளர்ந்து பனையின் முதல் ஓலையாகியிருக்கும். ஒரே சாக்கில் இத்தனை குடும்பங்கள்!

இப்போது வரலாற்றுக்குள் கொஞ்சம் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையைப் பற்றிச் சொல்கிறார். மூவேந்தரும் முற்றுகையிட்டாலும் பறம்பு பட்டினி கிடக்காது, ஏனென்றால் உழாமலேயே விளைகிற நான்கு உணவுகள் அங்கே உண்டு என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முந்தைய பாட்டு. அதில் வருகிற வள்ளி, மலையில் தானே முளைக்கும் டயோஸ்கோரியா வகைதான். சீனிக்கிழங்காக இருக்கவே முடியாது. ஏனென்றால் கபிலர் காலத்தில் சீனிக்கிழங்கு இந்தக் கண்டத்திலேயே இல்லை.

அது பிறந்தது நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய நிலங்களில். 1492-இல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் ஐரோப்பியர்கள் அதைக் கண்டார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன் பின் வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களில்தான் மிளகாய், முந்திரி, அன்னாசி ஆகியவற்றோடு சீனிக்கிழங்கும் நம் நாட்டுக்கு வந்தது.

நம் கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர் கோயில் இருக்கிறதே, அங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து அதிவீரராம பாண்டியர் ஆண்டார். பள்ளியில் நீங்கள் படிக்கிற வெற்றிவேற்கையை எழுதியவர் அவர்தான். அவருடைய உறவினரான வரதுங்கராம பாண்டியர் கரிவலம்வந்தநல்லூரைத் தலைமையிடமாக வைத்து ஆண்டார். அந்த இரண்டு புலவர் அரசர்களும் தமிழ்ப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் சீனிக்கிழங்கு இந்தியக் கடற்கரைகளில் இறங்கியது. அவர்கள் வீட்டு அடுப்பில் வள்ளிக்கிழங்கு வெந்திருக்கும், சேனை வெந்திருக்கும். சீனிக்கிழங்கு இங்கே புது வரவு. புதிதாக வந்ததற்கு நம் மக்கள் தெரிந்ததன் பெயரையே இனிப்புச் சேர்த்துக் கொடுத்தார்கள்: சர்க்கரைவள்ளி. இன்னொரு அமெரிக்க விருந்தாளியும் அதே பெயரை வாங்கிக்கொண்டது. அது மரவள்ளி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் வள்ளியின் உறவுக் கிழங்குகள்தான் முக்கிய உணவு. உலகத்தில் விளையும் வள்ளி இனங்களில் மிகப் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. நைஜீரியாவில் புதுக்கிழங்கு வெட்டும் நாளை நம் பொங்கல் அளவுக்குக் கொண்டாடுகிறார்கள். அந்த மக்களை அடிமைகளாகப் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அங்கே தங்கள் ஊர்க் கிழங்கு இல்லாமல் சீனிக்கிழங்கையே அந்தக் கிழங்கின் பெயரால் அழைத்தார்கள். பிறகு 1930-களில் லூசியானா மாநில விவசாயிகள் தங்கள் ஆரஞ்சுச் சீனிக்கிழங்கைத் தனித்துக் காட்டுவதற்காக 'யாம்' என்று பெயர் போட்டே விற்றார்கள். இன்றும் அமெரிக்கச் சமையல் காணொளிகளில் யாம் என்று சொன்னால் பெரும்பாலும் அது சீனிக்கிழங்குதான். நம் ஊர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் யாம் என்றால் சேனைக்கிழங்கு. தாவரவியலில் யாம் என்றால் வள்ளி. ஒரே சொல்லுக்கு மூன்று கிழங்கு. அதனால்தான் விஞ்ஞானிகள் பேரினப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சீனிக்கிழங்கின் பயணத்தில் ஒரு புதிர் மிச்சம் இருக்கிறது. பசிபிக் கடலின் நடுவே மங்கையா என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மண்ணைத் தோண்டியபோது கரிந்துபோன சீனிக்கிழங்குத் துண்டுகள் கிடைத்தன. வயது பல நூற்றாண்டு. கொலம்பஸுக்கும் முன்னால்! தீவு மக்கள் படகிலேயே தென் அமெரிக்கா வரை போய் எடுத்து வந்தார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். விதை கடலில் மிதந்து தானாகவே வந்திருக்கும் என்று இன்னொரு சாரார் மரபணுக்களைக் காட்டி வாதாடுகிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. உங்களில் யாராவது பெரியவராகி முடித்து வைக்கலாம்.

சரி, பானைக்குத் திரும்புவோம்.

இரண்டு கிழங்கிலுமே நிறைந்திருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்கிற சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து நீண்ட சங்கிலியாக நிற்பதுதான் மாவுச்சத்து. தனித்தனியாக இருந்தால் குளுக்கோஸ் இனிக்கும். சங்கிலியாகிவிட்டால் நாக்குக்கு அது சர்க்கரை என்றே தெரியாது. அரிசி மாவை வாயில் போட்டால் இனிப்பதில்லை, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காரணம் அதுதான்.

சீனிக்கிழங்குக்குள் மாவுச்சத்தோடு இன்னொன்றும் நிறைய இருக்கிறது. பீட்டா அமைலேஸ் என்ற நொதி. இந்த நொதியைச் சீனிக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்துத் தூய படிகமாகவே 1946-இல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். அதன் வேலை மிக ஒழுங்கானது. சங்கரன்கோவில் பூக்கடையில் வாங்கிய பிச்சிச் சரத்தின் நுனியிலிருந்து ஒருவர் இரண்டிரண்டு பூவாகக் கிள்ளிக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி இந்த நொதி மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியைப் பிடித்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கிள்ளிக்கொண்டே போகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய அந்த இரண்டு குளுக்கோஸுக்கு மால்ட்டோஸ் என்று பெயர். மால்ட்டோஸ் நாம் காப்பியில் போடும் சீனி அளவுக்கு இனிக்காது. ஆனால் கிழங்கு முழுவதும் நிறைந்துவிட்டால் இனிப்பு நன்றாகவே தெரியும்.

நொதியும் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. பிறகு பச்சைக் கிழங்கே ஏன் இனித்து வழியவில்லை? பச்சையாக இருக்கும்போது மாவுச்சத்து இறுகிய மணிகளாகச் சுருண்டு கிடக்கிறது. நொதிக்குப் பிடிக்க நுனி அகப்படுவதில்லை. சூடு ஏற ஏற மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, இளகுகின்றன. சங்கிலிகள் பிரிந்து நுனிகள் வெளியே வருகின்றன. கிழங்குக்குள் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரி வரை உள்ள நேரம்தான் நல்ல நேரம். மாவுச்சத்தும் இளகியிருக்கும், நொதியும் சுறுசுறுப்பாக இருக்கும். சூடு 80-ஐத் தாண்டி ஏறினால் நொதி ஒரு புரதம் என்பதால் உருக்குலைந்து வேலையை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கிழங்கு மெத்தென்று ஆகுமே தவிர இனிப்புக் கூடாது.

அதனால் சீனிக்கிழங்கு சமைப்பதில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அந்த 60-க்கும் 75-க்கும் நடுவில் கிழங்கை மெதுவாக நடத்திக்கொண்டு போக வேண்டும். அடுப்புக் கங்கில் புதைத்துச் சுட்ட கிழங்கு ஏன் அத்தனை ருசி என்று இப்போது விளங்குகிறதா? சாம்பலின் மந்தமான சூடு உள்ளே போய்ச் சேர நேரமாகிறது. நொதிக்கு நிறைய நேரம். தண்ணீரும் கொஞ்சம் வற்றி இனிப்பு செறிந்துவிடுகிறது. குக்கரில் துண்டு போட்டு விசில் அடித்தால் சூடு 120 டிகிரி வரை விறுவிறுவென்று ஏறிவிடும். நொதி கண் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். அவசரத்துக்குக் குக்கர் சரிதான். ருசிக்கு வெங்கலப் பானையோ கங்கோதான் என் கட்சி.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள், ஆனால் அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஒரே குவியலிலிருந்து ஒரே அளவான இரண்டு சீனிக்கிழங்கு எடுங்கள். ஒன்றை முழுசாக, தோலோடு, இட்லிக் கொப்பரையில் வைத்து, அடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் வேக வையுங்கள். மற்றதை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஆவி நன்றாக வந்த பிறகு கொப்பரையில் வைத்துச் சடசடவென்று வேகவிடுங்கள். தண்ணீருக்குள் போட்டு அவிக்காமல் ஆவியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நறுக்கிய துண்டைத் தண்ணீரில் போட்டால் இனிப்பு தண்ணீருக்குள் கரைந்து போகும். அப்புறம் எதனால் இனிப்புக் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாற்றாமல் வைத்தால்தான் அது சோதனை. இரண்டும் ஆறிய பிறகு தம்பியையோ தங்கையையோ கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஊட்டுங்கள். முழுக் கிழங்கின் நடுப்பகுதியை ஊட்டுங்கள். எது அதிகம் இனிக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது சோதனைக்கு அடுப்பே வேண்டாம். வெந்த வள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கும் மேலாக மென்றுகொண்டே இருங்கள். மெல்ல மெல்ல ஒரு இனிப்புத் தட்டும். உங்கள் எச்சிலிலும் ஒரு அமைலேஸ் இருக்கிறது. அது சீனிக்கிழங்கின் நொதிக்கு அண்ணன் தம்பி முறை. சங்கிலியை நுனியில் கிள்ளாமல் நடுவிலேயே வெட்டும். ஆக, சீனிக்கிழங்கு பானைக்குள்ளேயே செய்து முடித்துக்கொள்கிற வேலையை வள்ளிக்கிழங்கு உங்கள் வாய்க்கும் வயிற்றுக்கும் விட்டுவைத்திருக்கிறது. வள்ளியில் வேகும்போது அந்த வேலை பெரிதாக நடப்பதில்லை. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

மாவுச்சத்து இருப்பதைக் கண்ணாலேயே பார்க்க ஆசையா? மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து கிடைக்கும். பச்சைக் கிழங்குத் துண்டுகளில் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டுமே கருநீலமாகும். இரண்டிலும் மாவுச்சத்து உண்டு என்பதற்கு அது சாட்சி. மருந்து பட்ட துண்டைத் தின்னக் கூடாது, குப்பையில் போட்டுவிடுங்கள்.

சீனிக்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் உணவைச் சேர்த்து வைக்கிற நோக்கத்திலும் வேறுபாடு உண்டு. மழைக்காலம் முடிந்ததும் வள்ளிக்கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். உண்மையாகவே உறக்கம்தான், என்ன தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் காலம் முடியாமல் முளைக்காது. அடுத்த மழைக்காலம் வரை தாக்குப்பிடிக்கச் சேர்த்து வைத்த சோறு அது. அதனால்தான் வெட்டி எடுத்த வள்ளிக்கிழங்கு வீட்டில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். சீனிக்கிழங்குக்கு அப்படி உறக்கம் கிடையாது. ஈரம் பட்டால் எப்போது வேண்டுமானாலும் தளிர்விடும்.

அதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். வெப்ப நிலத்துச் செடி அது. 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அதன் செல்கள் கெட்டுப்போய், எவ்வளவு வேக வைத்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். காற்றாடுகிற மூலையில் பனைநார்ப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும். வெட்டிய அன்றே சமைப்பதைவிடச் சில நாள் கிடந்த கிழங்கு இன்னும் இனிக்கும்.

சில கிழங்கில் கறுத்த துளைகள் இருக்கும். கூன்வண்டு குடைந்தது. அந்த இடம் கசக்கும். வண்டு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்பு நஞ்சைச் சுரக்கிறது. வேக வைத்தாலும் அது போகாது. கசந்தால் துப்பிவிடுங்கள், அந்தக் கிழங்கை ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போட வேண்டாம்.

வள்ளிக்கு வேறு எச்சரிக்கை. பச்சையாகத் தின்னவே கூடாது. காட்டில் வளரும் வள்ளி இனங்களில் சில கடும் நஞ்சு. நம் மேற்கே தெரிகிற மலைத்தொடரில் வாழும் பளியர் மக்கள் எந்தக் கொடி உணவு, எந்தக் கொடி ஆகாது என்று இலையையும் தண்டையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கபிலர் பாடிய அறிவு அவர்களிடம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அது பெரிய விஞ்ஞானம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேனையைப் புளித்தண்ணீரில் ஏன் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். சேனைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்கிற பொருள் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. நாக்கையும் தொண்டையையும் அரிப்பது அந்த ஊசிகள்தான். புளிப்பு அவற்றின் கடுமையைக் குறைக்கிறது. சீனிக்கிழங்குக்குப் புளி தேவையில்லை. போட்டால் வேக நேரமாகும் என்பதுதான் மிச்சம். செல்களை ஒட்டவைத்திருக்கிற பெக்டின் புளிப்பில் எளிதில் இளகாது.

வெந்த கிழங்கின் மேல் ஆச்சி தேங்காய்ப்பூ தூவித் தருவது ருசிக்கு மட்டும் இல்லை. ஆரஞ்சு நிறச் சீனிக்கிழங்கில் பீட்டா கரோட்டீன் இருக்கிறது. நம் உடம்பு அதை விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், கண்ணுக்கு நல்லது. ஆனால் அது கொழுப்பில்தான் கரையும். தேங்காயின் எண்ணெய் கூடச் சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கிற, உள்ளே வெள்ளையான கிழங்கில் கரோட்டீன் கொஞ்சம்தான். செங்கோட்டை வழியாக மலை தாண்டித் திருவனந்தபுரம் போனால், ஸ்ரீகாரியம் என்ற இடத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய 'பூ சோனா' என்ற ரகத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் கரோட்டீன் உண்டு. 'பூ கிருஷ்ணா' வெட்டினால் உள்ளே ஊதா. ஆப்பிரிக்காவில் இத்தகைய ஆரஞ்சுக் கிழங்கைக் குழந்தைகளின் தட்டில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் 2016-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். ஒரு கிழங்கின் நிறத்தை மாற்றிப் பல குழந்தைகளின் கண்பார்வையைக் காத்திருக்கிறார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அந்தக் கொடி நிறைய வரவேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு வியப்பையும் சொல்ல வேண்டும். 2015-இல் விஞ்ஞானிகள் 291 வகைச் சீனிக்கிழங்குகளின் மரபணுவைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுத் துண்டு இருந்தது. இன்று ஆய்வகத்தில் ஒரு உயிரின் மரபணுவை இன்னொன்றில் சேர்க்க இதே பாக்டீரியாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மனிதர் கை படாமல், எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், மண்ணுக்குள்ளேயே அது நடந்துவிட்டிருக்கிறது.

இனி நீங்களே வளர்த்துப் பாருங்கள். கொல்லையில் இரண்டடி இடம் இருந்தால் போதும். சீனிக்கிழங்குக்கு விதைக்கிழங்கு வேண்டாம். ஒரு சாண் கொடி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் பிடித்துக்கொள்ளும். புரட்டாசியில் நட்டால் நாலு மாதத்தில் வெட்டலாம். வள்ளிக்குக் கிழங்கின் தலைப்பக்கத்துத் துண்டு வேண்டும். கோடைமழை பெய்ததும் நட வேண்டும்; எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். சீனிக்கொடி தரையில் படரும். வள்ளிக்கொடி ஏறுவதற்குக் கம்பு கேட்கும்.

அந்தக் கம்பைக் கவனியுங்கள். பெருவள்ளி, சிறுவள்ளி இரண்டும் கிடைத்தால் இரண்டையும் அருகருகே நட்டுத் தனித்தனிக் கம்பு ஊன்றுங்கள். பெருவள்ளியின் தண்டு சதுரமாக, ஓரங்களில் சிறகு வைத்திருக்கும். சிறுவள்ளியின் தண்டில் முள் இருக்கும், கையை ஜாக்கிரதையாக வையுங்கள். ஒன்று கம்பை ஒரு திசையில் சுற்றி ஏறும். மற்றது எதிர்த் திசையில் சுற்றும். எந்த வள்ளி எந்தப் பக்கம் என்று மேலிருந்து பார்த்து நோட்டில் வரைந்து வையுங்கள். பிறகு நுனியை மெதுவாகப் பிரித்து மறுபக்கம் சுற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய், அது என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.